ஸ்ப்ளிட்டர் போட்டால் இன்டர்நெட் வேகம் பாதியாகுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தரைத் தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள கூட்டுக் குடும்ப வீடு. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஃபோர் வே ஸ்ப்ளிட்டர், அதாவது ஒரு கேபிளை நான்காகப் பிரிக்கும் சின்னப் பெட்டி. அதிலிருந்து மூன்று டிவிக்கும் ஒரு இன்டர்நெட் மோடத்துக்கும் கேபிள் இறங்குகிறது. அண்ணனுக்குக் கல்யாணமாகி மாடி அறைக்குப் புது டிவி வந்திருக்கிறது. கேபிள்காரர் அனுப்பிய பையன், "மோடம் பக்கத்திலேயே ஒரு டூ வே போட்டு இழுத்துடலாம்" என்கிறான். "வேகம் பாதியாகிவிடுமா அண்ணா? ஏற்கெனவே மழை பெய்தாலே நெட் போய்விடுகிறது" என்பது கேள்வி. பிரவுசரில் மோடத்தின் பக்கத்தைத் திறந்து அதில் உள்ள எண்களையும் எழுதி அனுப்பியிருக்கிறார். தம்பி, அதற்கு முதலில் நன்றி. எண் இல்லாமல் கேட்டால் நானும் ஊகத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வேகம் பாதியாகாது. ஸ்ப்ளிட்டர் பிரிப்பது சிக்னலின் பலத்தை மட்டும்தான். 100 எம்பிபிஎஸ் பிளான் டூ வே போட்டதால் 50 ஆகிவிடாது. தேவையான பலம் வந்து சேரும்வரை மோடம் முழு வேகத்தில்தான் ஓடும். அந்த அளவுக்குக் கீழே போனால்தான் தொல்லை. பிழைகள் பெருகும், மோடம் விளக்கு மினுக்கும், லைன் அறுந்து அறுந்து வரும். உங்கள் மோடம் இப்போது சரியாக அந்தக் கரையில்தான் நிற்கிறது. அதனால் அந்தப் பையன் சொல்லும் இடத்தில் டூ வே வேண்டாம். புது டிவியைத் தாராளமாக வையுங்கள், ஸ்ப்ளிட்டர் போடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. உங்கள் வீட்டுக்குள் வருவது எந்தக் கேபிள் என்று பாருங்கள். வடசென்னையில் இப்போது பல தெருக்களில் கேபிள்காரர்களே ஃபைபருக்கு மாறிவிட்டார்கள். மெல்லிய ஃபைபர் வந்து ஒரு சின்னப் பெட்டியில் முடிந்து, அந்தப் பெட்டியிலிருந்தே டிவிக்கு ஒரு தடித்த கேபிள் போகிறது என்றால் இந்தக் கவலையே உங்களுக்கு இல்லை. அங்கே இன்டர்நெட் 1490, 1310 நானோமீட்டர் ஒளியில் போய் வருகிறது, டிவி 1550-ல் வருகிறது. பெட்டிக்கு அப்பால் டிவி கேபிளை எத்தனையாகப் பிரித்தாலும் நெட்டுக்கு ஒன்றும் ஆகாது. தம்பி வீட்டில் அப்படி இல்லை. தடித்த கோஆக்ஸ் கேபிளே நேராக மோடத்தின் பின்பக்கம் திருகப்பட்டிருக்கிறது. ஒரே கேபிளில் டிவியும் நெட்டும் சேர்ந்து ஓடுகின்றன.

இனி எண்கள். பெரும்பாலான கேபிள் மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். அதில் மூன்றைப் பாருங்கள். முதலாவது டவுன்ஸ்ட்ரீம் பவர், மோடத்துக்கு வந்து சேரும் சிக்னலின் பலம். அதை அளக்கும் அலகு டிபிஎம்வி. இது -7 முதல் +7 டிபிஎம்விக்குள் இருந்தால் நிம்மதி. தரநிலை -15 முதல் +15 வரை அனுமதிக்கிறது, ஆனால் ஓரத்தில் ஓடும் மோடம் ஒரு மழைக்குத் தாங்காது. அடுத்தது எஸ்என்ஆர், அதாவது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. 33-க்கு மேல் இருக்க வேண்டும். மூன்றாவது அப்ஸ்ட்ரீம் பவர். மோடம் திருப்பிப் பேச எவ்வளவு பலத்தைச் செலவழிக்கிறது என்பது இது. 38-லிருந்து 48 வரை நல்லது. 50-ஐத் தாண்டினால் மோடத்துக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் கவனிக்காமல் விடுகிறார்கள். டிவிக்குச் சிக்னல் வந்தால் போதும், மோடம் பதிலும் சொல்ல வேண்டும். காசிமேட்டு மீன் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் விடுபவர் குரல் எல்லோருக்கும் கேட்கிறது. பின்வரிசையில் நிற்பவர் தன் விலை அவர் காதில் விழுவதற்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. எதிர்முனையில் உள்ள கருவி "கேட்கவில்லை, இன்னும் சத்தமாக" என்று சொல்லச் சொல்ல மோடம் தன் பவரை ஏற்றிக்கொண்டே போகும். ஏற்றுவதற்கு ஒரு உச்சம் உண்டு. அதைத் தொட்டுவிட்டால், கீழே வரும் சிக்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் லைன் நிற்காது. நடுவில் வரும் ஒவ்வொரு ஸ்ப்ளிட்டரும் இரண்டு திசையிலும் தின்கிறது.

எவ்வளவு தின்கிறது? டூ வே என்றால் ஒவ்வொரு பின்னிலும், அதாவது கேபிளைத் திருகும் ஒவ்வொரு வாயிலும், சுமார் 3.5 டெசிபெல் இழப்பு. 3 டெசிபெல் இழப்பு என்பது பலத்தில் சரிபாதி போவது, மீதி அரை ஸ்ப்ளிட்டருக்குள்ளேயே சூடாகப் போவது. ஃபோர் வே என்றால் 7-லிருந்து 7.5. எட்டு வழி என்றால் 11-ஐ ஒட்டி. மூன்று வழியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் ஒரு பின் மட்டும் 3.5, மற்ற இரண்டும் 7. எது எது என்று மேலேயே அச்சடித்திருப்பார்கள். மோடத்தை அந்த 3.5 பின்னில்தான் திருக வேண்டும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் மோடம் 7-ல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இடம் மாற்றித் திருகியதோடு பிரச்சினை முடிந்த வீடுகள் உண்டு.

கேபிளும் தின்னும். ஆர்ஜி-6 கேபிள் 750 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 18 டெசிபெல் இழக்கும். பழைய மெல்லிய ஆர்ஜி-59 இதைவிட அதிகம். வெயில் ஏறினாலும் இழப்பு ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம். வீட்டுக்குள் ஓடும் 15 மீட்டரில் இது தெரியாது. தெருக்கோடியிலிருந்து மாடி மாடியாகத் தாவி வரும் நீண்ட லைனில் சித்திரை மதியத்தில் நன்றாகவே தெரியும்.

இப்போது தம்பி வீட்டுக் கணக்கு. அவர் அனுப்பிய எண்கள்: டவுன்ஸ்ட்ரீம் -9, எஸ்என்ஆர் 32, அப்ஸ்ட்ரீம் 50. ஃபோர் வே 7.5, மொட்டை மாடியிலிருந்து மோடம் வரை சுமார் 20 மீட்டர் கேபிளுக்கு 3.5. இரண்டையும் திரும்பக் கூட்டினால், வீட்டு வாசலில் வந்து நிற்பது +2. இது கொஞ்சம் குறைச்சல்தான், ஆனாலும் சமாளிக்கலாம். மோடம் பக்கத்தில் டூ வே போட்டால் என்ன ஆகும்? -9 போய் -12.5 ஆகும். 50 போய் 53.5 ஆக வேண்டும். அத்தனை சத்தம் அந்த மோடத்தால் போட முடியுமோ முடியாதோ. போட முடிந்தாலும் அடுத்த தூறலில் விழுந்துவிடும்.

மாற்று வழி இது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், இருக்கிற ஃபோர் வேக்கு முன்னால், அந்த டூ வேயைப் போடுங்கள். அதன் ஒரு பின்னிலிருந்து மோடத்துக்கு நேர் கேபிள், நடுவில் வேறு எதுவும் கூடாது. இன்னொரு பின்னிலிருந்து பழைய ஃபோர் வேக்கு. மோடம் அதிலிருந்து விலகியதால் ஒரு பின் காலியாகும். அண்ணன் அறை டிவியை அந்தப் பின்னில் கொடுங்கள். வாங்க வேண்டியது அதே ஒரு டூ வேதான், மாறுவது இடம் மட்டும். மோடத்துக்கு இப்போது 7.5-க்குப் பதில் 3.5 தான் இழப்பு. -9 என்பது -5-க்கு ஏறும், 50 என்பது 46-க்கு இறங்கும். எஸ்என்ஆரும் கொஞ்சம் நிமிரும்.

டிவிகளுக்கு இதனால் 3.5 டெசிபெல் குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. +2-லிருந்து டூ வே, ஃபோர் வே, கேபிள் எல்லாம் போக -12 டிபிஎம்வி அளவில் செட் டாப் பாக்ஸுக்குப் போய்ச் சேரும். கேபிள்காரர் வைத்திருக்கும் மீட்டர் டிபிமைக்ரோவோல்ட் என்ற வேறு அலகில் காட்டும். அதற்கும் இதற்கும் 60 வித்தியாசம். அதாவது அவர் மீட்டரில் 48. செட் டாப் பாக்ஸ் இதில் ஓடலாம், சில சேனல்களில் படம் கட்டம் கட்டமாக உடையவும் செய்யலாம். அப்படி உடைந்தால் உடனே சிக்னலை ஏற்றும் பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் கேபிள் லைன்மேனை அழைத்து வாசலில் வரும் அளவை மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். தெரு லைனிலிருந்து உங்கள் வீட்டுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் டேப்-ஆஃபை ஒரு படி குறைந்த மதிப்புள்ளதாக மாற்றினால் 3 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். அது அவர் வேலை, அதற்குத் தனியாகக் காசு கேட்க நியாயம் இல்லை.

பூஸ்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் டிவிகளுக்குப் போகும் கிளையில் மட்டும் போடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பூஸ்டர் ஒருவழிப் பாதை. டிவிக்கு அது போதும். மோடத்தின் பதில் 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 42 அல்லது 65 வரை உள்ள கீழ்ப்பகுதியில் எதிர்த்திசையில் போகிறது. ஒருவழி பூஸ்டர் அதை அப்படியே அடைத்துவிடும். பூஸ்டர் போட்டதும் டிவி பளிச்சென்று வருகிறது, நெட் செத்துவிட்டது என்று வரும் புகார்களுக்குக் காரணம் இதுதான்.

மழை விஷயத்துக்கு வருகிறேன். தம்பியின் உண்மையான நோய் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எஸ்என்ஆர் 32 என்பது அந்த ஃபோர் வேயையோ அதில் உள்ள கனெக்டர்களையோ சந்தேகப்பட வைக்கிறது. நான் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடற்கரையோரமாகவே பதினேழு வருடம் லைன் பார்த்தவன். உப்புக்காற்று இந்தப் பொருட்களை என்ன செய்யும் என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். கேபிளின் நடுக்கம்பி பெரும்பாலும் இரும்பின் மேல் தாமிரம் பூசியது. வெட்டிய முனை திறந்திருந்தால் செந்துரு பிடிக்கும். சுற்றியுள்ள அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிரும். கனெக்டரின் பித்தளை பச்சை கக்கும். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த ஒரு மொட்டை மாடியில் போட்டு ஒரு வருடம்கூட ஆகாத ஸ்ப்ளிட்டரைக் கழற்றினேன், திருகு மரை கையோடு வந்துவிட்டது. புதிதாக மாற்றியதும் மோடத்தில் 4 டெசிபெல் ஏறியது. பிரித்ததால் போன பலத்தைவிடத் துரு தின்ற பலம் அதிகமாக இருந்த வீடுகள் எத்தனையோ.

இன்னொன்று ஒட்டுகள். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு புயலிலும் மாடிக்கு மாடி தொங்கிய கேபிள்கள் அறுந்தன. ஒரே நாளில் நூறு வீட்டுக்கு லைன் கொடுக்க வேண்டிய அவசரத்தில் நடுக்கம்பியை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போனார்கள். அந்த நாளில் அது தவறில்லை, ஊரே இருட்டில் கிடந்தது. ஆனால் அந்த முறுக்குகளில் சில இன்றும் அப்படியே இருக்கின்றன. டிவி ஓடும், மோடம் தடுமாறும். உங்கள் மாடியில் டேப் சுற்றிய வீக்கம் ஏதாவது கண்ணில் பட்டால் அதை வெட்டி, இரண்டு பக்கமும் எஃப் கனெக்டர் அடித்து, ஜாயின்டரில் திருகச் சொல்லுங்கள்.

கனெக்டர் அடிப்பதில் நான் பிடிவாதமானவன். கையால் திருகிச் சொருகும் வகை வேண்டாம். அழுத்துக் கருவியால் நசுக்கிப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகையையே கேளுங்கள். நடுக்கம்பி கனெக்டரின் வாயைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தப் பின் செத்தது. கையால் இறுக்கிய பிறகு 11 ஸ்பேனரால் கால் சுற்று கொடுங்கள். ஸ்ப்ளிட்டரை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் பின்கள் கீழே பார்க்க வையுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், கேபிள் வழியாக உள்ளே வழியாது. இந்தச் சின்ன வளைவுக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள்.

எந்த ஸ்ப்ளிட்டர் வாங்குவது? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கூடைகூடையாகக் காட்டுவார்கள். மேலே உள்ள அச்சைப் படியுங்கள். 5 - 1000 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். டிவி மட்டும் இருந்த காலத்துச் சரக்கில் 40 - 860 என்று இருக்கும். அதன் வழியாக மோடத்தின் பதில் சரியாகத் திரும்பிப் போகாது. பெரிய எண் நல்லது என்று நினைத்து 2400 வரை அச்சடித்ததை எடுப்பவர்களும் உண்டு. அது டிஷ் ஆன்டெனாவுக்கானது, நமக்கு வேண்டாம். அதோடு சேர்த்துச் சொல்கிறேன், டிடிஎச் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் நெட் வரும் கேபிளையும் ஒரே ஸ்ப்ளிட்டரில் சேர்க்கவே கூடாது. டிடிஎச் பெட்டி டிஷ்ஷுக்கு அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது, அது மோடத்துக்குப் போகும் வழியில் வரக் கூடாது. டி வடிவத்தில் வெறும் உலோகமாக இருக்கும் மலிவான இணைப்பானையும் தொடாதீர்கள். அது ஸ்ப்ளிட்டரே கிடையாது. ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்குச் சிக்னல் கசியாமல் தடுக்கும் எதுவும் அதற்குள் இல்லை.

காலியான பின்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். பயன்படுத்தாத ஒவ்வொரு பின்னிலும் 75 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைத் திருகுங்கள், சில ரூபாய்தான் ஆகும். திறந்த முனை ஆன்டெனா மாதிரி வேலை செய்யும். வீட்டுக்கு வரும் சிக்னலைவிட மோடத்திலிருந்து திரும்பிப் போகும் பதிலுக்குத்தான் இதனால் ஆபத்து, ஏனென்றால் ஒரு பகுதியின் எல்லா வீடுகளின் இரைச்சலும் ஒரே வாய்க்காலில் சேர்ந்து அந்தப் பகுதிக்கான பொதுப் பெட்டியான நோடுக்குப் போகிறது. ஒரு வீட்டின் குப்பை மொத்தத் தெருவையும் அடைக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. காலை பத்து மணிக்கு அந்தச் சந்தில் எல்லா மோடமும் விழும். மதியம் ஒரு மணி நேரம் தானாக எழுந்து நிற்கும், பிறகு சாயங்காலம்வரை மறுபடி விழுந்து எழும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுத்தம். மோடங்களின் பதிவில் டி3 என்ற பிழை வரிசையாக நின்றது. மோடம் கூப்பிட்டும் மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை என்பது அதன் பொருள். நான்கு நாள் ஆம்ப்ளிஃபயர், நோடு, கேபிள் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். ஐந்தாம் நாள்தான் அந்த மதிய இடைவெளி உறைத்தது, அது சாப்பாட்டு நேரம். ஒரு வீட்டு மாடியில் தையல் யூனிட் நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த பழைய டிவியை எடுத்துவிட்டார்கள், கேபிள் மட்டும் கனெக்டர் இல்லாமல் மெஷின்களுக்குப் பின்னால் மொட்டையாகத் தொங்கியது. கார்பன் பிரஷ் வைத்த சின்ன மோட்டார்கள் ஓடும்போது கிளம்பும் தீப்பொறி இரைச்சல் முழுக்க அந்த முனை வழியாக லைனுக்குள் ஏறியிருக்கிறது. அந்தக் கிளையைக் கழற்றி, மேலே இருந்த ஸ்ப்ளிட்டர் பின்னில் டெர்மினேட்டர் போட்டதும் சந்து முழுவதும் சரியானது. அன்றைக்கு அங்கே இருந்த பிள்ளைகள் படிப்பு, வியாபாரம் எல்லாவற்றையும் ஒரு திறந்த முனை நான்கு நாள் நிறுத்தி வைத்திருந்தது என்பது இன்றும் எனக்கு உறுத்தல். அதற்குப் பிறகு காலி பின் எதையும் மூடாமல் நான் மாடியை விட்டு இறங்கியதில்லை.

ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை மட்டும் நெட் மெதுவாகி, மோடம் விளக்கு நிலையாக எரிந்து, மேலே சொன்ன மூன்று எண்களும் நன்றாக இருந்தால் அது உங்கள் ஸ்ப்ளிட்டரால் வந்தது கிடையாது. அந்த நோடில் ஆட்கள் அதிகம். அதற்கு உங்கள் மாடியில் செய்ய ஒன்றும் இல்லை.

வேலை தொடங்கும் முன் டிவி, செட் டாப் பாக்ஸ், மோடம் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எர்த் இல்லாத இரண்டு முனை அடாப்டர்களின் கசிவு மின்சாரம் கேபிளின் வெளிவலையில் தங்கி நிற்கும், கழற்றும்போது சுருக்கென்று கடிக்கும். அது உயிரை எடுக்காமல் இருக்கலாம், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நிற்பவர் திடுக்கிட்டு நிலைதடுமாறினால் எடுத்துவிடும். பக்கத்து வீடுகளின் கசிவும் அதே கேபிளில் வர வாய்ப்புண்டு என்பதால் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

தம்பி, வரிசை இதுதான். முதலில் பழைய ஃபோர் வேயையும் அதன் ஐந்து கனெக்டர்களையும் மாற்றுங்கள். மாற்றியதும் மோடம் பக்கத்தைத் திறந்து எண்களைப் படம் எடுங்கள். பிறகு டூ வேயை அதற்கு முன்னால் போட்டு மோடத்தை அதில் திருகி, மறுபடி ஒரு படம். அதற்குப் பிறகுதான் அண்ணன் டிவி. டவுன்ஸ்ட்ரீம் -5 பக்கமும் அப்ஸ்ட்ரீம் 46 பக்கமும் வந்து நின்றால் வேலை முடிந்தது. இரண்டாவது படத்திலும் எண்கள் அந்தப் பக்கம் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இருக்கலாம். அப்போது அந்தப் படங்களை லைன்மேனிடம் காட்டி, மீட்டரோடு மாடிக்கு வரச் சொல்லுங்கள்.